‘தட் செட்’ வந்தால் கத்தரியைக் கீழே வை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் வைத்த நேரம். ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஓடி வந்து, “பிபி சாம்பிள் ஓகே ஆயிருச்சுங்ணா, கட்டிங்குக்குச் சொல்லிட்டனுங்” என்றாள். (மொத்தமாக வெட்டித் தைக்கும் முன், ஆர்டர் கொடுத்த பையர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய மாதிரி உடைதான் பிபி சாம்பிள்.) கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண், ஆங்கில இலக்கியம் படித்தவள், கெட்டிக்காரி. பையரின் மெயில் எனக்கும் வந்திருந்தது. இடது கையால் போனை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று வரியும் பாராட்டு: துணி மெத்தென்று இருக்கிறது, தையல் சுத்தம், பிரின்ட் பிரமாதம். நாலாவது வரி ‘தட் செட்,’ என்று ஆரம்பித்தது.

சோத்துக் கையோடு படியிறங்கி ஓடினேன். கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் என்கிற வெட்டுக்கோட்டுத் தாளைப் போட்டு, மெஷினைக் கையில் எடுத்திருந்தார். “மாஸ்டர், நிறுத்துங்!” என்று நான் போட்ட சத்தத்தில் அவரே பயந்துவிட்டார். நாலாவது வரியின் மிச்சம் இதுதான்: கழுத்து அகலம் ஒரு சென்டிமீட்டர் குறைய வேண்டும், திருத்திய சாம்பிளைப் பார்க்காமல் கட்டிங் போகக் கூடாது. அகலமாக வெட்டிவிட்ட கழுத்தைக் குறுக்குவதற்கு உலகத்தில் எந்த மாஸ்டரிடமும் வழி கிடையாது.

அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர். “தட் செட்னா ‘அது சொல்லப்பட்டது’ன்னுதானுங்ணா அர்த்தம்?”

அர்த்தம் அதுதான் அம்மிணி. அந்தச் சொல் செய்கிற வேலைதான் வேறு. ‘இதுவரைக்கும் சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டேன், இப்போது விஷயத்துக்கு வருகிறேன்’ என்று அது சொல்கிறது. ஆங்கிலக்காரர்கள் வாக்கியத்தின் தலையில் வைக்கிற சின்னச் சின்னச் சொற்களை அகராதியில் தேடினால் இப்படித்தான், அர்த்தம் கிடைக்கும், வேலை கிடைக்காது. நான் திருப்பூரில் இருபத்திரண்டு வருஷமாக மெர்ச்சண்டைசர், அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற ஆள். இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கணக்கு ரொம்ப எளிது. கன்ஜங்ஷன் என்றால் இரண்டு வாக்கியத்தைச் சேர்க்கும் கயிறு. அட்வர்ப் என்றால் வினைச்சொல்லுக்குப் போடும் சட்டை. ‘அவன் வேகமாக ஓடினான்’ என்பதில் ‘வேகமாக’ மாதிரி. கூடவே ஒரு சட்டமும் உண்டு: அண்ட், பட் இரண்டையும் வைத்து வாக்கியத்தை ஆரம்பிக்கவே கூடாது. ஆரம்பித்தால் சிவப்பு மைச் சுழி. அது மிஷன் பள்ளிக்கூடம் என்பதுதான் வேடிக்கை. காலை அசெம்பிளியில் கிங் ஜேம்ஸ் பைபிளை ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். 1611இல் வந்த மொழிபெயர்ப்பு அது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். மொத்தம் 31 வசனம், அதில் 29 வசனம் ‘அண்ட்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. சிவப்பு மையோடு உட்கார்ந்தால் உலகத்தைப் படைத்த கதையே ஃபெயில். மீதி இரண்டில் ஒன்று ‘ஆதியிலே’ என்ற முதல் வசனம். இன்னொன்று மனிதனைப் படைக்கிற 27ஆம் வசனம். அது ‘சோ’ என்று ஆரம்பிக்கிறது.

அந்த ‘அண்ட்’ எல்லாம் எபிரேய மூலத்தில் சொல்லோடு ஒட்டி வரும் ஒற்றை எழுத்திலிருந்து வந்தவை. தமிழ் பைபிளில் அதே இடத்தைப் படித்தால், “தேவன் வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று.” தலையில் ஒன்றுமே இல்லை. சில வசனத்தில் மட்டும் ‘பின்பு’ என்று ஒரு சொல் எட்டிப் பார்க்கும். தமிழ்க் காதுக்கு 29 ‘மேலும்’ தாங்காது என்று மொழிபெயர்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

‘சோ’ என்றதும் என் முதல் வருஷத்துக் கூத்து ஒன்று ஞாபகம் வருகிறது. இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மையார் போன் போட்டார். வணக்கம் எல்லாம் சொல்லி முடித்ததும், ‘சோ, வேர் ஆர் வி வித் தி ஆர்டர்?’ என்றார். எனக்கு அந்த ‘சோ’விலேயே மூச்சு நின்றுவிட்டது. ‘ஆகவே’ என்கிறாரே, எதனால் ஆகவே? முன்னால் ஏதோ சொல்லி அதிலிருந்து முடிவுக்கு வந்திருக்கிறார், நான்தான் அந்த மெயிலைத் தவறவிட்டேன் போல என்று நினைத்து, ஒரு நிமிஷம் லைனில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பழைய மெயில்களைக் குடைந்தேன். அந்த அம்மையார் பாவம், ஆர்டர் காணாமல் போய்விட்டது என்று பயந்திருப்பார்.

அன்று சாயங்காலம் பேக்கரியில் பெரியப்பாவைப் பார்த்தேன். (எங்கள் பக்கம் டீக்கடைக்குப் பேக்கரி என்றுதான் பேர்.) என்னைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “அப்பறம், ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?” எதற்கு அப்புறம்? நாங்கள் பார்த்தே மூன்று மாதம் இருக்கும். கொங்கு நாட்டில் ஒருத்தராவது இந்த ‘அப்பற’த்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டிருப்பார்களா? டீயைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அந்த அம்மையாரின் ‘சோ’வும் என் பெரியப்பாவின் ‘அப்பறமு’ம் பங்காளிகள். கேட்பவரைப் பேச்சுக்குள்ளே கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கும் சொற்கள்.

பிற்பாடுதான் தெரிந்தது, இது பெரிய பெரிய ஆட்களும் கைவைத்த இடம் என்று. பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃப், ‘ஹ்வாட்’ என்ற சொல்லில் ஆரம்பிக்கும். அதை ‘இதோ!’, ‘கேளீர்!’ என்கிற தோரணையில்தான் ரொம்பக் காலம் மொழிபெயர்த்துவந்தார்கள். அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி 1999இல் தன் மொழிபெயர்ப்பை வெறும் ‘சோ’ என்று ஆரம்பித்து ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். அவருடைய ஊர்ப் பெரியவர்கள் பேச்சை அப்படித்தான் தொடங்குவார்களாம். அவருக்கும் ஒரு பேக்கரிப் பெரியப்பா இருந்திருக்கிறார்.

இந்தச் சொற்களை இலக்கணக்காரர்கள் நெடுநாள் உதிரி என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 1987இல் டெபோரா ஷிஃப்ரின் என்ற அமெரிக்க மொழியியலாளர் இவற்றுக்கென்றே முழுப் புத்தகம் போட்டார். பிலடெல்பியாவில் பதிவுசெய்த சாதாரணப் பேச்சை வைத்துக்கொண்டு ‘ஓ’, ‘வெல்’, ‘அண்ட்’, ‘பட்’, ‘சோ’, ‘நவ்’ என்று 11 சொற்களை, அவை என்ன அர்த்தம் தருகின்றன என்பதைவிட எந்த வேலை பார்க்கின்றன என்று ஆராய்ந்தார். என் பிழைப்புக்கு மிக உபயோகமானது ‘வெல்’. நீங்கள் ஒன்று கேட்டு, பதில் ‘வெல்’ என்று ஆரம்பித்தால், நீங்கள் எதிர்பார்த்த பதில் வரப்போவதில்லை. விலை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு ‘வெல்…’ என்றால் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராது. கைமடியாக, அதாவது டெய்லருக்கு எடுபிடியாக, பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, டெய்லராகி, பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் வரிசை போட்டு, எக்ஸ்போர்ட் வரைக்கும் வந்தவர். பையர் நேரில் வந்தால் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்வது என் வேலை. அவர் ஆரம்பிப்பார்: “மழை பேஞ்சு, காம்பாக்டிங்ல கரண்டு போயி, ரெண்டு நாளு துணி வராம வேலை நின்னு போன…” சரியாக அந்த இடத்தில் அவருக்கு இருமல் வரும். பையர் என் வாயையே பார்ப்பார். நான் என்ன சொல்ல? அடுத்து ‘தால’ என்று வந்தால் அந்த வாக்கியம் மன்னிப்பு. லேட்டுக்குக் காரணம் சொல்கிறார். ‘நின்னு போனாலும்’ என்று முடிந்தால் அதே வாக்கியம் பெருமை; சொன்ன தேதிக்கு ஏத்தி உட்டமுங் என்று வரப்போகிறது. ‘போனதும்’ என்றால் கதை. உடனே ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பிய சாகசம். ஆங்கிலத்தில் வாயைத் திறக்க எனக்கு முதலிலேயே தெரிந்தாக வேண்டும், ‘பிகாஸ்’ஸா, ‘ஆல்தோ’வா, ‘ஆஸ் சூன் ஆஸ்’ஸா என்று. அவர் வாக்கியத்தின் வாலில் வைத்திருப்பதை நான் தலையில் வைக்க வேண்டும்.

ஒருநாள் பொறுமையிழந்து குத்துமதிப்பாக ‘பிகாஸ்’ என்று ஆரம்பித்துவிட்டேன். இருமி முடித்து அவர் ‘போனாலும்’ என்றார். பையரிடம் ‘சாரி, ஆல்தோ’ என்று திருத்தினேன். மழை ஒன்றுதான், கரண்டு போனதும் ஒன்றுதான். ஆனால் அதற்குள் பையர் முகத்தில் ஒரு மாதிரி கவலை வந்து போய்விட்டது.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டு மனிதர். இடைச்சொல்லுக்கு அவர் கொடுத்த இலக்கணத்தில் ‘பெயரினும் வினையினும் பின் முன்’ என்று ஒரு துண்டு வரும்: பெயரோடும் வினையோடும் பின்னாலோ முன்னாலோ ஒட்டி வரும் என்கிறார். ‘பின்’னைத்தான் முதலில் சொல்கிறார். தமிழில் நடக்கிற பெரிய வேலையெல்லாம் பின்னால்தானே நடக்கிறது. ஏகாரத்துக்கு ஆறு பொருள், ஓகாரத்துக்கு எட்டு, உம்மைக்கு எட்டு என்று எண்ணி வைத்திருக்கிறார். அத்தனையும் சொல்லின் வாலில் தொங்குகிறவை. ‘அவனே வந்தான்’, ‘அவனோ வந்தான்’, ‘அவனும் வந்தான்’. ஓர் எழுத்தில் மூன்று குடும்பத் தகராறு.

சரி, வாக்கியத்தின் தலையில் நாம் வைக்கிற ‘ஆனால்’, ‘எனவே’, ‘ஏனென்றால்’ எல்லாம்? உரித்துப் பார்த்தால் வினைச்சொல் தெரியும். ‘ஆகு’விலிருந்து ஆனால், ‘என்’ என்ற வினையிலிருந்து எனவே, ‘ஏன் என்று கேட்டால்’ என்பதுதான் ஏனென்றால். முந்தின வாக்கியத்தின் வாலே நகர்ந்து அடுத்ததற்குத் தலையாக உட்கார்ந்துகொண்டது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

இதை வைத்து எனக்கு ஒரு சொந்தக் கண்டுபிடிப்பு உண்டு. நம் ஆட்கள் பேச்சில் ஆங்கிலத்திலிருந்து ‘பட்’டையும் ‘சோ’வையும் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். “போலாமுங், பட் வண்டி இல்லைங்.” “சோ நாளைக்குப் பாத்துக்கலாமுங்.” ஆனால் ‘ஆல்தோ’வை எவரும் தொடுவதில்லை. “ஆல்தோ மழை வந்துச்சு, நாங்க போனமுங்” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கும். ‘அன்லெஸ்’ கிடையாது, ‘வைல்’ கிடையாது, ‘இஃப்’ கிடையவே கிடையாது. அந்த வேலையை ‘வந்தாலும்’, ‘வராட்டி’, ‘வந்தா’ என்று வினையின் வாலே பார்த்துக்கொள்கிறது. ஏற்கெனவே ‘ஆனா’, ‘அதனால’ என்று நாற்காலி போட்டு வைத்திருந்த இடத்தில்தான் பட்டும் சோவும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ‘பிகாஸ்’ இன்னும் நல்ல சாட்சி. “நான் வரலைங், பிகாஸ் ஒறம்பற வந்துட்டாங்” என்பார்கள். அது ‘ஏன்னா’வின் நாற்காலி. “பிகாஸ் ஒறம்பற வந்துட்டாங், நான் வரலைங்” என்று தலையில் வைத்து ஆரம்பிக்க மாட்டார்கள், ஆங்கிலத்தில் அது சர்வசாதாரணம் என்றாலும். விருந்தாளி வந்தாலும் வீட்டில் எந்தத் திண்ணை காலியாக இருக்கிறதோ அங்கேதான் உட்கார முடியும்.

எடுத்துக்கொண்டதிலும் சிலவற்றை நம் இஷ்டத்துக்கு வளைத்துவிட்டோம். ‘ஆஃப்டர் ஆல் ஒரு பனியன்’ என்று நாம் சொன்னால் ‘கேவலம் ஒரு பனியன்’ என்று பொருள். ஆங்கிலத்தில் அதே சொல் தலையில் வந்தால் ‘என்ன இருந்தாலும்’ என்று நியாயம் பேசுவது. ஆஃப்டர் ஆல், நீங்கள்தானே தேதி கொடுத்தீர்கள் என்பதுபோல. ‘ஆக்சுவலா’ கதை இன்னும் மோசம். நமக்கு அது தொண்டையைச் செருமிக்கொள்வது, சாக்குச் சொல்லப் போவதற்கான பீடிகை. ஆங்கிலக் காதில் ‘நீ நினைத்தது தப்பு’ என்கிற திருத்தமாக விழும். சாம்பிள் அனுப்பியாயிற்றா என்று பணிவாகக் கேட்ட ஒருவருக்கு நான், ‘ஆக்சுவலி, ஐ சென்ட் இட் எஸ்டர்டே’ என்று பல வருஷம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான் பவ்யமாகச் சொன்னதாக நினைத்தேன். அவர்களுக்கு லேசாக முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும்.

‘ஷ்யூர்லி’யும் ஏமாற்றும். ‘ஷ்யூர்’ என்றால் உறுதி, ஆகவே ‘ஷ்யூர்லி’ என்றால் உறுதியாக என்று நம்புவோம். ‘ஷ்யூர்லி யூ ஹேவ் புக்ட் தி கன்டெய்னர்’ என்று மெயில் வந்தால் அவர் உறுதியாக இருக்கிறார் என்று நினைத்து டீ குடிக்கப் போகக் கூடாது. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, வயிறு கலங்குகிறது. “புக் பண்ணிட்டீங்கதானே?” என்பதில் இருக்கிற ‘தானே’தான் அந்த ‘ஷ்யூர்லி’. அதேபோல் ‘அப்பேரன்ட்லி’. ஆங்கிலக்காரர்கள் நாக்கு சுழற்றிச் சொல்வதை நாம் ஒரே ‘ஆம்’இல் முடித்துவிடுகிறோம்: “கப்பல் லேட்டாமுங்.” நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், பொறுப்பு என்னுடையதில்லை. அவர்களுக்குத் தலை, நமக்கு வால். ஆங்கிலத்திலும் ஒன்று தமிழ்க் குணத்தோடு வாலில் வந்து உட்காரும்: ‘தி கலர் இஸ் நைஸ், தோ.’ அந்தக் கடைசித் ‘தோ’வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம்.

‘ஹோப்ஃபுலி’யை வைத்து ஆங்கிலக்காரர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. ‘ஹோப்ஃபுலி, வெள்ளிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பும்’ என்று எழுதினால், நம்பிக்கையோடு இருப்பது யார், கப்பலா என்று பண்டிதர்கள் கேட்டார்கள். என் பள்ளிக்கூடத்துச் சட்டைக் கணக்குப்படி அவர்கள் கேட்டது நியாயம்தான். அட்வர்ப் முழு வாக்கியத்துக்கும் மேலே போர்த்திய துண்டாகவும் இருக்கலாம், பேசுகிறவரின் மனசைக் காட்டலாம் என்பதை மற்ற சொற்களுக்கு ஒத்துக்கொண்டவர்கள், இதற்கு மட்டும் அடம்பிடித்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2012இல்தான் சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டது. நாங்கள் அதற்கு முன்னாலிருந்தே தினம் பத்து ‘ஹோப்ஃபுலி’ ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம்.

எனக்குப் பிடிக்காத துண்டு ஒன்று உண்டு: ‘அன்ஃபார்ச்சுனேட்லி’. 2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூல் இருக்கிறது, துணி இருக்கிறது, சாயம் போட இடமில்லை. வெள்ளைத் துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. பிப்ரவரி முழுக்க நான் எழுதிய மெயில் ஒவ்வொன்றும் ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்றே ஆரம்பித்தது. துரதிர்ஷ்டவசமாக, சாயமிட முடியவில்லை. துரதிர்ஷ்டவசமாக, மூன்று வாரம் தள்ளிப்போகும். ஊரில் இதற்குச் சொல் ‘கெரகம்’. “கெரகம், மழை வந்து கெடுத்துப்போட்டுது” என்பார் அப்பாரு, பறிக்கக் கிடந்த பருத்தி நனைந்த அன்றைக்கு. மழைக்கு அந்தச் சொல் பொருந்தும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்தது அப்படியா? 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம் என்று விவசாயிகளே சொன்னார்கள், வழக்குப் போட்டார்கள். வருஷக்கணக்காகத் தெரிந்தே ஆற்றில் விட்டதற்குப் பெயர் கெரகம் இல்லை. ஆனால் வாக்கியத்தின் தலையில் அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டதும், செய்தவன் யார் என்பது மறைந்துவிடுகிறது; வானத்திலிருந்து விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. இப்போதும் அந்தச் சொல்லை டைப் அடிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கும். தயங்கிவிட்டு அடிப்பேன். பிழைப்பு.

கோபிப் பெண்ணுக்கு இதையெல்லாம் பாடமாக நடத்தவில்லை. மெயில் வந்தால் முதலில் வரிகளின் தலைச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே படி என்றேன். இரண்டே நாளில் என்னை மிஞ்சிவிட்டாள். போன வெள்ளிக்கிழமை ஒரு நீண்ட மெயிலைப் பார்த்தபடியே, “வெல், ஹௌஎவர், தட் செட், எனிவே” என்று வாசித்துவிட்டு, “விலை குறைக்கச் சொல்றாங்ணா, நாம ஒத்துக்க மாட்டம்னு அவங்களுக்கே தெரியுமுங்” என்றாள். முழுசும் படித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

‘எனிவே’ மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேச்சைக் கட்டி முடிக்கப் போகிறேன், எழுந்திரு என்பதற்கான சொல் அது. எங்கள் அம்மா தினம் ராத்திரி போனில், “செரி சாமி, அப்பறம்…” என்பார். நானும் “செரிங்மா, அப்ப வெச்சறட்டுங்களா?” என்பேன். “செரி வெய்யி. அப்பறம், மேக்கால தோட்டத்துக் கெணத்துல மோட்டாரு ஓடலியாமா…” என்று தொடரும். அதற்கப்புறம் ஒரு கால் மணி நேரமாவது ஆகும்.